டூவீலர் சர்வீஸ் சென்டர் ரிவ்யூ: வண்டி பளபளன்னு வந்துச்சு, பிரேக் சத்தம் மட்டும் அப்படியே இருக்கு

கடை பேர் போடல. போட்டா அடி விழப்போறது முதலாளிக்கு இல்ல, முன்னாடி டேபிள்ல நிக்கிற பையனுக்கு. ஏன்னு முழுசா படிச்சா உங்களுக்கே புரியும். ஊர் திருச்சி, பெரிய கம்பெனி ஒண்ணோட ஆத்தரைஸ்டு சர்வீஸ் சென்டர், அவ்ளோ தெரிஞ்சா போதும். வண்டி 110 சிசி ஸ்கூட்டர், நாலு வருஷமா நான்தான் ஓட்டுறேன், நடுவுல வீட்டம்மா எடுத்துட்டு போவாங்க.

மேப்ல பாத்தா 4.8 ஸ்டார். சரி நல்ல இடம்தான் போலன்னு உள்ள போய் ரிவ்யூவ ஒவ்வொண்ணா படிச்சேன், எல்லாமே ஒரே அச்சு. சூப்பர் சர்வீஸ், இன்னார் நல்லா பேசுனாரு, அவ்ளோதான். வண்டிக்கு என்ன பிரச்சனைன்னு போனாங்க, அது சரியாச்சா, பில்லு எவ்ளோ ஆச்சு, ஒரு வார்த்த கிடையாது. நம்ம ஆளுங்க ஹோட்டல்ல சட்னி தண்ணியா இருந்தாலே ரெண்டு பத்தி எழுதுவாங்களே, இங்க மட்டும் எப்படி இவ்ளோ சுருக்கமா எழுதுறாங்கன்னு அப்பவே டவுட்டு வந்திருக்கணும். பில் கவுண்டர்ல போய் நின்னப்பதான் விஷயம் தெரிஞ்சுது, கண்ணாடில க்யூஆர் ஒட்டி வச்சிருக்காங்க, சாவிய கைல குடுக்காம "சார் இத ஸ்கேன் பண்ணி அஞ்சு ஸ்டார் போட்டு என் பேரையும் சேத்து எழுதிருங்க சார்"ன்னு அட்வைசர், அதான் முன் டேபிள்ல நம்ம கம்ப்ளைண்ட கேட்டு எழுதிக்கிறவரு, பக்கத்துலயே நிக்கிறாரு. யார் பேர்ல எத்தன ரிவ்யூ வந்துச்சுன்னு எண்ணி மாசக் கடைசில காசாம். ஆக அந்த 4.8 வண்டி ரிப்பேருக்கு வந்த மார்க்கு இல்ல, சாவிய கைல வச்சுக்கிட்டு கேட்டு வாங்குன மார்க்கு.

முதல்ல நல்லத சொல்லிடுறேன், இருக்கு. ஆன்லைன்ல புக் பண்ணா டைமுக்கு எடுத்துக்கிறாங்க, ஏசி ரூம்ல உக்கார வச்சு காபி குடுக்குறாங்க, வண்டிக்கு என்ன வேலன்னு எழுதுற ஜாப் கார்டு வாட்சப்ல வந்துடுது, வாட்டர் வாஷ் பத்தி நான் குறையே சொல்ல மாட்டேன், மட்கார்டுக்கு அடில இருந்த போன வருஷத்து சேறு கூட போயிருச்சு. சீட்டுக்கு ஏதோ பாலிஷ் போட்டு விட்டாங்க பாருங்க, உக்காந்தா முன்னாடி வழுக்கிட்டு போகுது, வெள்ள வேட்டி கட்டிட்டு போயிருந்தா அன்னிக்கு வேட்டி போச்சு.

நான் போனது ஒரே ஒரு கம்ப்ளைண்டுக்கு. பின் பிரேக் மெதுவா பிடிக்கிறப்ப கீச்சுன்னு ஒரு சத்தம், சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் டிராஃபிக்ல பிடிச்சேன்னா முன்னாடி போறவங்க திரும்பி பாக்குற அளவுக்கு. அட்வைசர் தம்பி பொறுமையா கேட்டு ஜாப் கார்டுல "பிரேக் நாய்ஸ்"ன்னு எழுதிக்கிட்டாரு. சாயங்காலம் வண்டி எடுத்து வெளிய வந்து, அவங்க கேட் வாசல்லயே இருக்கிற ஸ்பீட் பிரேக்கர்ல பிரேக் பிடிச்சேன், கீச்சு. திரும்பி உள்ள போய் கேட்டா, வாஷ் பண்ண தண்ணி பிரேக் டிரம்முக்குள்ள இருக்கும் சார், ரெண்டு நாள் ஓட்டுனா சரியாயிரும்னாரு. தண்ணி பட்டா சத்தம் வரும்ங்கிறது உண்மைதான், அதனால நம்பி வந்துட்டேன். ரெண்டு நாள் ரெண்டு வாரமாச்சு.

பில்ல அன்னிக்கு ராத்திரிதான் உக்காந்து படிச்சேன். இன்ஜின் ஆயில் 800 எம்எல், சரி. ஏர் ஃபில்டர், சரி. லேபர், அதுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, அதுவும் சரி. அதுக்கு கீழ இன்ஜின் ஆயில் அடிட்டிவ், ஃப்யூவல் அடிட்டிவ், பாடி கோட்டிங்னு வரிசையா மூணு, அதாவது ஆயில்லயும் பெட்ரோல்லயும் கலக்குற மருந்தும் மேல பூசுற பூச்சும், எதையும் நான் கேக்கல. "இன்ஜினுக்கு நல்லது சார், போட்ரலாமா"ன்னு அவரு கேட்டப்ப போன்ல பேசிக்கிட்டே தலைய ஆட்டிருப்பேன் போல. வண்டியோட வந்த மேனுவல எடுத்து பாத்தேன், எந்த கிரேடு ஆயில், எவ்ளோ ஊத்தணும், எத்தன கிலோமீட்டருக்கு ஒருக்கா மாத்தணும் எல்லாம் இருக்கு, இந்த அடிட்டிவ ஊத்துன்னு எங்கயும் போடல. அதுக்கும் கீழ இன்னொரு ஐட்டம் இருந்துச்சு, செயின் லூப், அதாவது செயினுக்கு போடுற ஆயில். ஐயா சாமி, ஸ்கூட்டர்ல செயின் எங்கய்யா இருக்கு, உள்ள ஓடுறது பெல்ட்டு. பேக்கேஜோட சேந்து தானா வந்துருச்சுன்னு சொல்லி அந்த காச மட்டும் மறுநாள் திருப்பி குடுத்துட்டாங்க.

மூணு மாசம் கழிச்சு அடுத்த சர்வீஸ், அதே கம்ப்ளைண்டு, அதே "பிரேக் நாய்ஸ்", அதே பளபளப்பு, அதே கீச்சு. இந்த தடவ அடிட்டிவ் வேணாம்னு முன்னாடியே கறாரா சொல்லிட்டேன். கிளம்புறப்ப தம்பி கூடவே வாசல் வரைக்கும் வந்து, "சார் கம்பெனிலேர்ந்து ஒரு கால் வரும், பத்துக்கு எத்தனன்னு கேப்பாங்க, பத்துன்னு சொல்லிருங்க சார்"ன்னாரு. ரெண்டு நாள்ல கால் வந்துச்சு. நான் எட்டுன்னு சொன்னேன்.

எட்டுன்னா என்னங்க, நம்ம வீட்டு புள்ள நூத்துக்கு எம்பது வாங்கிட்டு வந்தா பக்கத்து வீட்டுக்கு ஸ்வீட்டு குடுப்போம். எங்க காலத்துல தமிழ் வாத்தியார் பத்துக்கு எட்டு போட்டாருன்னா அத ஊரெல்லாம் சொல்லிட்டு திரிவோம். பிரேக் சரியாகல, ஆனா பையன் மரியாதையா நடந்துக்கிட்டான், காபி குடுத்தாங்க, சரி ரெண்டு மார்க்கு மட்டும் குறைப்போம்னு பெருந்தன்மையாதான் எட்டு போட்டேன். மறுநாள் காலைல ஒம்போது மணிக்கெல்லாம் தம்பி போன் பண்ணிட்டாரு, குரலே சரியில்ல, "சார் நான் எதாவது தப்பா பேசிட்டனா சார்"ங்கிறாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

இந்த எட்டோட வெவரம் எனக்கு கொஞ்சம் முன்னாடியே தெரியும், இருந்தும் மறந்துட்டேன். பூஜ்யத்துலேர்ந்து பத்து வரைக்கும் மார்க்கு கேக்குற இந்த முறைய 2003ல ஃப்ரெட் ரெய்க்ஹெல்டுன்னு ஒரு அமெரிக்கக்காரர் எழுதி பிரபலமாக்குனாரு. அதுல 9, 10 சொன்னவங்க மட்டும்தான் நம்ம ஆளு. 7, 8 சொன்னவங்கள கூட்டவும் மாட்டாங்க, கழிக்கவும் மாட்டாங்க. 0லேர்ந்து 6 வரைக்கும் சொன்னா மைனஸ். கம்பெனிய பத்தி மத்தவங்ககிட்ட நல்லவிதமா சொல்லுவீங்களான்னு தெரிஞ்சுக்கத்தான் அந்தக் கேள்விய வச்சாங்க, அது ஒரு காய்ச்சல் பாக்குற தெர்மாமீட்டர் மாதிரி. இங்க என்ன பண்ணிட்டாங்கன்னா தெர்மாமீட்டர்ல என்ன காட்டுதோ அத வச்சு நர்ஸுக்கு சம்பளம்னு ஆக்கிட்டாங்க. அப்புறம் நர்ஸு என்ன செய்வாங்க, ஐஸ் தண்ணில முக்கிட்டுதான் காட்டுவாங்க.

சனிக்கிழம சாயங்காலம் அந்தப் பக்கம் வேல இருந்துச்சு, தம்பிய எதுத்தாப்ல இருந்த டீக்கடைக்கு கூப்ட்டேன். முதல்ல தயங்குனாரு, அப்புறம் சார் போயி அண்ணே ஆனதும் பேச ஆரம்பிச்சாரு. "அண்ணே, பேசிக் சம்பளத்துல ரூம் வாடகையும் சாப்பாடும்தாண்ணே ஓடும். ஊருக்கு காசு அனுப்பணும்னா இன்சென்டிவ் வந்தாகணும். அடிட்டிவ், கோட்டிங் எத்தன ஜாப் கார்டுல போட்டோம்னு ஒரு கணக்கு, ஏஎம்சி, அதாண்ணே வருஷ பராமரிப்பு பேக்கேஜ், அது எத்தன வித்தோம்னு ஒரு கணக்கு. ஆனா ஸ்கோரு வரலேன்னா இந்த ரெண்டும் சேத்து பூஜ்யம்ணே." அதாவது மாசம் முழுக்க ஓடி ஓடி வித்திருந்தாலும் என்ன மாதிரி நாலு பேரு பெருந்தன்மையா எட்டு போட்டா எல்லாம் காலி. காலைல மீட்டிங்ல போர்டுல பேர் எழுதி மார்க்கு போடுவாங்களாம், கீழ இருக்குறவன் எந்திரிச்சு நின்னு காரணம் சொல்லணுமாம். இந்த வயசுல திரும்பவும் ஸ்கூல்.

சரி தம்பி, அதெல்லாம் இருக்கட்டும், என் பிரேக்க ஏன் ஒருத்தரும் பாக்கல? இதுக்கு அவரு சொன்னதுதான் எனக்கு இந்த மொத்த ரிவ்யூவும் எழுதணும்னு தோண வச்சுது. என் வண்டில பின் வீல கழட்டணும்னா மொதல்ல சைலன்சர கழட்டணும். சைலன்சர் போல்ட்டு பல வண்டில துரு பிடிச்சு ஒட்டிக்கிட்டு இருக்கும், பொறுமையா எடுக்கணும், ஒடஞ்சா வேற தலவலி. அப்புறம் வீலு, அப்புறம் டிரம்ம உள்ளேர்ந்து அழுத்துற பிரேக் ஷூவ எடுத்து எமரி பேப்பர்ல தேச்சு, டிரம்முல இருக்குற தூச தட்டி, ஷூவ விரிக்கிற கேம்ல கிரீஸ் வச்சு திருப்பி மாட்டணும், அர மணி நேரம் தாராளமா போயிரும். மெக்கானிக்குகளுக்கு காசு எப்படின்னா ஒரு நாளைக்கு எத்தன வண்டி முடிச்சாங்கங்கிறத வச்சு. ஆயில் மாத்தி, ஏர் ஃபில்டர் மாத்தி, பிரேக் கேபிள வெளியேர்ந்தே ரெண்டு திருகு டைட் பண்ணி விட்டா வண்டி முடிஞ்சுது. என் வீல கழட்டுற நேரத்துல அவரு இன்னொரு வண்டிய முடிச்சிருவாரு. அவரு ஏன் கழட்டணும்?

இதுல இன்னொரு கூத்து இருக்கு. அதே கம்ப்ளைண்டோட நான் திரும்பி வந்தா, அத ரிப்பீட் கம்ப்ளைண்டுன்னு போட்டா மார்க்கு குறையும், அதனால ஜெனரல் செக்கப்னு புது ஜாப் கார்டு போட்ருவாங்களாம். புது ஜாப் கார்டுன்னா கணக்குல இன்னொரு வண்டி. என் பிரேக் கத்துற வரைக்கும் நான் போற ஒவ்வொரு தடவையும் அங்க ஒருத்தருக்கு ஒரு வண்டி கூடுதல். வாட்டர் வாஷ் ஏன் அவ்ளோ அம்சமா இருந்துச்சுன்னும் இப்ப புரிஞ்சுது, கால் வர்ற நேரத்துல கஸ்டமர் கண்ணுக்கு தெரியுறது அதுதான, டிரம்முக்குள்ள இருக்குற தூசு யாருக்கு தெரியும்.

அந்தப் பையன் மேலயோ மெக்கானிக் மேலயோ கோவப்பட எனக்கு யோக்கியத கிடையாதுங்க. நானும் பத்து பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி சென்னைல ஒரு கால் சென்டர்ல இருந்தவன்தான். ஒரு கால இத்தன நிமிஷத்துக்குள்ள முடிக்கணும், மாச சராசரி அதுக்கு மேல போனா இன்சென்டிவ் கட்டு. பெரியவர் ஒருத்தர் லைன்ல வந்து மெதுவா பிரச்சனைய சொல்ல ஆரம்பிப்பாரு, கடிகாரத்த பாத்தா நேரம் போயிட்டே இருக்கும், "ஹலோ... ஹலோ... சார் உங்க வாய்ஸ் கேக்கல"ன்னு சொல்லி கட் பண்ணிருவோம். நல்லா கேக்கும். அவரு திரும்ப பண்ணுவாரு, வேற யாருக்காவது போகும், அவனும் ஹலோ ஹலோம்பான். எங்க டீம்தான் அந்த காலாண்டு பெஸ்ட் டீம், கேக் வெட்டுனோம், எனக்கு கேடயம் கூட குடுத்தாங்க, அது இன்னும் அம்மா வீட்ல டிவி மேல இருக்கு. கேடயத்த பாக்குறப்பல்லாம் அந்த மாதிரி பெரியவங்கதான் ஞாபகத்துக்கு வருவாங்க.

இது நம்ம ஊரு வியாதின்னும் சொல்ல முடியாது. அமெரிக்காவுல சியர்ஸ்னு பெரிய கம்பெனி, அவங்க கார் ரிப்பேர் சென்டர்லாம் வச்சிருந்தாங்க. வருமானம் பத்தலன்னு சர்வீஸ் அட்வைசர்களுக்கு கமிஷனும், இத்தன அலைன்மென்ட், இத்தன ஸ்பிரிங், இத்தன பிரேக் வேல வித்தாகணும்னு கோட்டாவும் வச்சாங்க. கஸ்டமர்ங்க புகார் குவிஞ்சு கலிஃபோர்னியா அரசாங்கமே ஆளுங்கள சாதாரண கஸ்டமர் மாதிரி அனுப்பி பாத்துச்சு. அந்த ஆளுங்க பத்து தடவ போனா கிட்டத்தட்ட ஒம்போது தடவ தேவையே இல்லாத வேலைய தலைல கட்டிருந்தாங்க. 1992ல 72 சென்டரோட லைசென்ஸ ரத்து பண்ணணும்னு கிளம்பிட்டாங்க. கடைசில கம்பெனி தலைவரே, நாங்க வச்ச சம்பள முறைதான் இப்படி தப்பு நடக்குற சூழ்நிலைய உண்டாக்கிருச்சுன்னு ஒத்துக்கிட்டு, அட்வைசர்களுக்கு குடுத்த கமிஷனையும் கோட்டாவையும் எடுத்தாரு. அதே அமெரிக்காவுல வெல்ஸ் ஃபார்கோ பேங்க்ல ஒரு கஸ்டமருக்கு எட்டு அக்கவுண்டாவது இருக்கணும்னு டார்கெட் வச்சு, ஸ்டாஃபுங்க கஸ்டமருக்கு தெரியாமலே லட்சக்கணக்குல அக்கவுண்டு தொறந்து, 2016ல 18.5 கோடி டாலர் ஃபைன் கட்டுனாங்க, அதுக்குள்ள சுமார் 5,300 பேர வேலைய விட்டு தூக்கிருந்தாங்க. எட்டு எட்டுன்னு மேலேர்ந்து விரட்டுனதுலதான் கீழ இருக்குறவன் அப்படி செஞ்சான், ஆனா கும்பலா வேல போனது கீழ இருந்தவங்களுக்குத்தான்.

அப்ப ரோட்டோர மெக்கானிக்கிட்ட போயிரலாமேன்னு கேப்பீங்க. போனேன், எங்க தெரு முனைல ஒருத்தர் இருக்காரு, கை சுத்தமான ஆளு, ஆனா அவரும் "ஷூ செட்டே மாத்திரலாம்ணே, தேஞ்சிருக்கும்"ன்னு வீல கழட்டுறதுக்கு முன்னாடியே சொல்றாரு. பாக்காமலே எப்படிய்யா தேஞ்சிருக்கும்? ஸ்பேர்ஸ் கடைல அவரு சீட்டு எழுதி அனுப்புன ஆளுக்கு இவ்ளோன்னு மாசம் ஒரு தொகை வரும், இது நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச கததான். ஒரு வித்தியாசம் மட்டும் இருக்கு, பிரேக் மறுபடி கத்துச்சுன்னா நான் தினமும் அவரு கடைய தாண்டித்தான் ஆபீஸ் போகணும், அவரால என் மூஞ்சிய பாக்காம இருக்க முடியாது.

வாரண்டி இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்ததால மூணாவது தடவையும் சென்டருக்கே போனேன், இந்த தடவ கொஞ்சம் வெவரமா. அங்க செக்யூரிட்டியா இருக்குற பெரியவர் போன தடவையே ஒரு வார்த்த சொல்லிருந்தாரு, "மாசக் கடைசில வராதீங்க தம்பி, எல்லாரும் பேய் பிடிச்ச மாதிரி ஓடுவாங்க, அஞ்சு தேதிக்கு மேல வாங்க." நூத்துக்கு நூறு உண்மை. கடைசி நாலு நாள்ல டார்கெட் துரத்தும், அப்ப நீங்க காபி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள மூணு பேரு வந்து கோட்டிங் பத்தி பேசுவாங்க. ஏழாம் தேதி புதன்கிழம போனேன், சென்டரே கோயில் மாதிரி அமைதியா இருந்துச்சு.

தம்பிகிட்ட நேரா சொன்னேன், எனக்கு வாஷ் வேணாம், பாலிஷ் வேணாம், ஆயில் கூட அப்புறம் பாத்துக்கலாம், பின் வீல என் கண்ணு முன்னாடி கழட்டு, நான் பத்து போடுறேன். அவரு ஒரு நிமிஷம் யோசிச்சாரு, உள்ள போய் மெக்கானிக்க கூட்டிட்டு வந்தாரு. உள்ள கஸ்டமர விட மாட்டாங்க, ஷட்டர் ஓரமா நின்னு பாத்துக்கிட்டேன். மெக்கானிக்கு நாப்பது வயசு இருக்கும், நல்ல வேலக்காரர், சைலன்சர் போல்ட்டுக்கு ஆயில் அடிச்சு ஊற விட்டு பதமா கழட்டுனாரு. டிரம்ம தொறந்தா உள்ள கறுப்பு தூசு கொட்டுது, ஷூ ரெண்டும் கண்ணாடி மாதிரி வழுவழுன்னு ஆகிக் கிடக்கு. ஷூ தேயவே இல்ல, பாதிக்கு மேல இருக்கு. எமரில தேச்சு, துடைச்சு, கேமுக்கு கிரீஸ் வச்சு மாட்டுனாரு, மொத்தம் நாப்பது நிமிஷம். கைய துடைச்சுக்கிட்டே, "இது ஒண்ணும் பெரிய வேல இல்ல சார், நேரம் குடுத்தா நான் செய்ய மாட்டனா"ன்னாரு. அன்னிக்கு அவரு கணக்குல ஒரு வண்டி கம்மி. நூறு ரூபா குடுத்தேன், வாங்க மாட்டேன்னுட்டாரு, டீ மட்டும் குடிச்சாரு.

சத்தம் போயிருச்சு, ரெண்டு மாசமாச்சு, இன்னும் வரல. பில்லு லேபரும் ஜிஎஸ்டியும் மட்டும்தான், அதுவர நான் அங்க கட்டுனதுலயே கம்மியான பில்லு. அன்னிக்கு தம்பிக்கு அடிட்டிவும் இல்ல கோட்டிங்கும் இல்ல.

போறவங்களுக்கு நான் சொல்றது இதுதான், மாச ஆரம்பத்துல போங்க, ஜாப் கார்டுல "பிரேக் நாய்ஸ்"ன்னு மொட்டையா எழுத விடாதீங்க, "பின் வீல் கழட்டி ஷூ கிளீன் பண்ணணும்"ன்னு வேலைய எழுத வைங்க, பில்லுல வேணாங்கிறத சாவி குடுக்குறப்பவே சொல்லிருங்க. அட்வைசர்கிட்ட கத்தாதீங்க. பிரேக் சரியாகலன்னா மார்க்கு விஷயத்துல என்ன பண்றதுன்னு எனக்கே இன்னும் தெளிவில்ல, குறைச்சு போட்டா பையன் சம்பளம் போகுது, பத்து போட்டா மேல இருக்குறவங்களுக்கு எல்லாம் நல்லா நடக்குதுன்னு போகுது.

கால் வந்துச்சு, சொன்ன சொல் காப்பாத்தணும்ல, பத்துன்னேன். அந்தப் பொண்ணு "ரொம்ப நன்றி சார்"ன்னு முடிக்கப் பாத்துச்சு. இரும்மா, ஒரு விஷயம் சொல்லணும், மூணு தடவ அலைஞ்சேன், மெக்கானிக்குக்கு வண்டி எண்ணிக்கைய வச்சு காசு குடுக்கிறதாலதான் இப்படி, இத மேல சொல்லுங்கன்னு ஆரம்பிச்சேன். "சார், ஆறுக்கு கீழ சொன்னாதான் சார் காரணம் எழுதுற பாக்ஸே ஓப்பன் ஆகும், பத்துக்கு வராது"ன்னுச்சு. சரி அப்ப அஞ்சுன்னு மாத்திக்கோன்னு சொல்லலாமான்னு ஒரு செகண்டு தோணுச்சு, தம்பி மூஞ்சி ஞாபகம் வந்துச்சு, வேணாம்மா பத்தே இருக்கட்டும்னு வச்சுட்டேன்.